பாரிஸில் கிடைக்காதவை: என் பழைய பயணக்கட்டுரை மீது ஒரு விமர்சனம்

போன மாசம் ஆபீஸில் டீமில் இருக்கும் தம்பி ஒருவன் வந்தான். "அண்ணா, பாரிஸ் ட்ரெய்னிங் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. நீங்க மூணு பாகமா எழுதினீங்களே, அந்த லிங்க் அனுப்புங்க. படிச்சிட்டுப் போறேன்" என்றான். பெருமையாகத்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுவோமே என்று திறந்தேன். 2016 அக்டோபரில் இரண்டு வாரம் ஆபீஸ் வேலையாகப் போய்விட்டு வந்து எழுதியது. படித்து முடித்தபிறகு லிங்க்கை அனுப்ப மனசு வரவில்லை.

எழுத்துப்பிழை இருந்தது, அதைத் திருத்திக்கொள்ளலாம். ஈபிள் கோபுரத்தின் உயரத்தைத் தப்பாகப் போட்டிருந்தேன், அதையும் மாற்றிவிடலாம். மாற்ற முடியாத ஒன்று அந்தக் கட்டுரைகளில் இருந்தது. இந்தப் பக்கத்தில் பத்து வருஷமாக அடுத்தவர்கள் புத்தகத்தைத்தான் குறை சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது என்னுடையதை எடுத்து வைப்பதுதான் நியாயம்.

முதலில் கணக்கு

தொழில் புத்தி விடாது. மூன்று கட்டுரைகளையும் ஒரே கோப்பாக்கி, இருபது வரி பைத்தான் நிரல் எழுதி எண்ணிப் பார்த்தேன். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள். அதில் "கிடைக்கவில்லை", "கிடைக்காது", "கிடைக்குமா" எல்லாம் சேர்த்து 23 முறை. "ரூபாய்" 31 முறை. அப்போது ஒரு யூரோ 75 ரூபாய் பக்கம். ஒரு காபியைக்கூட பெருக்காமல் குடிக்கவில்லை போலிருக்கிறது. "நம்ம ஊர்" 18 முறை.

இதை நிரலால் எண்ண முடியாது, கையால் எண்ணினேன்: மூன்று கட்டுரையிலும் வாயைத் திறந்து பேசுகிற பாரிஸ்வாசிகள் இரண்டே பேர். ஒருவர் ஹோட்டல் ரிசப்ஷனிஸ்ட், இன்னொருவர் மெட்ரோவில் டிக்கெட் பரிசோதகர். பெயர் சொல்லப்பட்ட சாப்பாட்டு வகைகள் ஒன்பது. அதில் ஆறு நான் சாப்பிடாதவை, சாப்பிட முடியாதவை என்று பட்டியல் போட்டவை.

அதாவது நாலாயிரம் வார்த்தை எழுதியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி பாரிஸில் என்ன இல்லை என்பதைப் பற்றி. அங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்பது மிச்சம் மீதியில்தான்.

இது என் வியாதி மட்டுமில்லை

தமிழனின் ஐரோப்பாப் பயண எழுத்துக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது. அதற்கும் முன்னால், 1890களின் இறுதியிலேயே மெட்ராஸில் பத்திரிகை நடத்திய ஜி. பரமேஸ்வரன் பிள்ளை லண்டனையும் பாரிஸையும் இந்தியக் கண்ணாடி வழியே பார்ப்பதாகத் தலைப்பு வைத்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். 1940இல் ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' வந்தது. காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்த மனிதர் அவர். பிறகு 'குமரி மலர்' பத்திரிகையை நடத்தியபோது அடுத்தவர்களின் பயணக்கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். தி. ஜானகிராமன் தன் ஐரோப்பாப் பயணத்தை 'கருங்கடலும் கலைக்கடலும்' என்று எழுதினார். மணியன் ஆனந்த விகடனில் 'இதயம் பேசுகிறது' எழுதியபோது, பாஸ்போர்ட் இல்லாத லட்சம் பேர் அதோடு சேர்ந்து பயணம் போனார்கள். என் அப்பா அதில் ஒருவர்.

இவர்களையெல்லாம் ஒரே தராசில் வைக்கவில்லை. நான் குறை சொல்வது இவர்களுக்குப் பிறகு வந்த, நானும் சேர்ந்த கூட்டத்தை. ஆபீஸ் செலவில் போய், ஐந்து நாள் ஊர் சுற்றி, திரும்பி வந்து எழுதுகிறவர்கள். இப்போது எழுத்தைவிட வீடியோ அதிகம். வாய்ப்பாடு ஒன்றுதான்: முதல் பாகத்தில் ஈபிள், இரண்டாவதில் லூவ்ர், மூன்றாவதில் "சைவம் சாப்பிடுகிறவன் பட்ட பாடு". கடைசியில் கார் து நோர் ரயில் நிலையம் பக்கம் ஒரு தோசை. சுபம்.

சைவக்காரனின் புலம்பல் பொய்யில்லை. பசி நிஜம், சாலட்டில் மறைந்திருக்கும் பன்றித் துண்டும் நிஜம். ஆனால் பசியைப் பற்றி எழுதுகிற சாக்கில் சமையலைப் பற்றித் தெரிந்துகொள்ளாமலே திரும்பி வந்துவிடுகிறோம்.

ஈபிளில் நான் பார்க்காத பெயர்கள்

முதல் பாகத்தில் நான் எழுதியது: க்யூ, டிக்கெட் விலை, காற்று, செல்ஃபி. நம்ம ஊர் டிரான்ஸ்மிஷன் டவரோடு ஒரு மொக்கை ஒப்பீடு. BE படித்தவன் எழுதவேண்டிய ஒன்றை விட்டிருக்கிறேன்.

கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே நாலு பக்கமும் 72 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சு விஞ்ஞானிகள், கணிதவியலாளர்கள், பொறியாளர்கள். லாப்லாஸ், ஃபூரியே, லக்ராஞ்ச், கோஷி, பாய்சான், நேவியே, கூலும், ஆம்பியர். இன்ஜினியரிங் படித்த யாரும் இந்தப் பட்டியலை மறக்க முடியாது. மூன்றாவது, நாலாவது செமஸ்டர் கணிதத் தாளில் நம்மை அரியர் வைக்க வைத்த அதே ஆட்கள். நான் அந்தப் பெயர்களுக்குக் கீழே நின்று சாண்ட்விச்சில் முட்டை இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயர் இல்லாதவர்களும் உண்டு. கோபுரத்தில் 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவெட்டுகள். முதல் வரைபடத்தைப் போட்டவர்கள் மோரிஸ் கோஷ்லான், எமில் நுகியே என்று ஈபிள் கம்பெனியின் இரண்டு பொறியாளர்கள். கோபுரம் முதலாளி பெயரில் நிற்கிறது. கட்டிய தொழிலாளிகள் 1888இல் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். உயரம் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது, குளிர் ஏறுகிறது, கூலி ஏறவேண்டாமா என்பது அவர்கள் வாதம். 1889இல் கண்காட்சி திறந்தது. 72 பெயர்களில் ஒரு பெண் கிடையாது. நெகிழ்வுப் பரப்புகளின் கணிதத்துக்கு அடித்தளம் போட்ட சோஃபி ஜெர்மேன் பெயர்கூட இல்லை.

லூவ்ர் கதையும் இதேதான். கண்ணாடிப் பிரமிடு முன்னால் எடுத்த படத்தைப் போட்டு "சூப்பர்" என்று எழுதியிருக்கிறேன். 1989இல் திறந்த அந்தப் பிரமிடுக்கு 673 கண்ணாடிப் பலகைகள். சாதாரணக் கண்ணாடியில் இரும்பு ஆக்ஸைடால் லேசாகப் பச்சை ஓடும். கட்டடக்கலைஞர் ஐ.எம். பெய் அந்தப் பச்சை கூடாது, பின்னால் இருக்கும் பழைய அரண்மனையின் கல் நிறம் மாறாமல் தெரியவேண்டும் என்றார். அதற்கென்றே தெளிவான கண்ணாடி செய்து கொடுத்தது செயின்ட்-கோபைன். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்கு ஆடி செய்து கொடுத்த, 1665இல் தொடங்கிய அதே கம்பெனி. அதன் ஆலை ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் வருஷத்திலிருந்து கண்ணாடி வார்க்கிறது. அந்த வழியாகத் தினமும் போகிறவன் நான். எட்டாயிரம் கிலோமீட்டர் போய், பக்கத்து ஊர் ஆலையின் பூர்வீகத்துக்கு முன்னால் நின்று "சூப்பர்" என்று எழுதியிருக்கிறேன்.

சாப்பாட்டுப் பாகம்

மூன்றாவது பாகம்தான் அதிகம் பேர் படித்தது. அதனாலேயே அதிகம் தப்பு செய்ததும் அதுதான். மூன்று புகார்களை எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் புகார்: "தண்ணி பாட்டில் அஞ்சு யூரோ! 375 ரூபாய்!" பிரெஞ்சு உணவகத்தில் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசம். "உன் கராஃப் தோ" என்று கேட்டால் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள். கூடவே ரொட்டியும் வரும், அதற்கும் தனிக் காசில்லை. சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே அடக்கம். நான் கேட்கவில்லை, அவர்கள் தரவில்லை. கேட்காத என் தப்பை ஊரின் தப்பாக எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது: "மத்தியானம் மூணரை மணிக்குப் போனால் சமையல் முடிஞ்சிடுச்சுன்னு துரத்துறாங்க." அங்கே பெரும்பாலான உணவகங்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடியும், இரவுச் சமையல் ஏழு மணி பக்கம் தொடங்கும். நடுவில் சமையற்காரர் உட்காருவார், சாப்பிடுவார். நம்ம ஊர் மெஸ்ஸிலும் மூன்று மணிக்கு மேல் போனால் "சாப்பாடு முடிஞ்சுதுங்க" என்பார்கள். அதை நாம் துரத்துவதாகச் சொல்வதில்லை.

மூன்றாவது: "ரொட்டியைத் தவிர எதுவுமே சாப்பிட முடியலை." 'தவிர' என்ற இந்தச் சொல்தான் இப்போது ரொம்ப உறுத்துகிறது. பாரிஸில் பாகெட் ரொட்டி சில்லறை விஷயமில்லை. 1993இல் அரசாணை போட்டு, 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று விற்பதற்கு மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் நொதி இவற்றோடு நிறுத்திக்கொள்ளவேண்டும், மாவை உறையவைத்து எடுக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷமே பாரிஸ் நகராட்சி சிறந்த பாகெட்டுக்குப் போட்டி தொடங்கியது. ஜெயிக்கிறவர் ஒரு வருஷம் அதிபர் மாளிகைக்கு ரொட்டி தரவேண்டும். 2022 நவம்பரில் யுனெஸ்கோ இந்த ரொட்டிக் கலையை மனிதகுலப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இட்லி மாவு ஏன் சில நாள் பொங்குகிறது, சில நாள் பொங்குவதில்லை என்று வீட்டில் ஆராய்ச்சி செய்கிற எனக்கு, புளித்த மாவின் இன்னொரு மகா மரபு கண்ணெதிரே இருந்தது. அதை 'தவிர' என்று ஒதுக்கிவிட்டேன்.

நான் எழுதாமல் விட்டது

இதுவரை சொன்னதெல்லாம் அறியாமை. படித்தால் சரியாகிவிடும். மாற்ற முடியாதது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது வேறு.

மூன்றாவது பாகத்தில் ஒரு வரி வருகிறது: "ஒரு நாள் சமையலறையில் தமிழர் ஒருவர் இருந்ததால் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது." அவ்வளவுதான். அடுத்த வரியில் மெட்ரோ டிக்கெட் விலைக்குப் போய்விட்டேன்.

நடந்தது இது. கடைசி வாரம் புதன்கிழமை ராத்திரி, டீம் டின்னர். பத்தாவது வட்டாரத்தில் ஒரு சின்ன பிஸ்ட்ரோ. மேலாளர், மூன்று பிரெஞ்சு சகாக்கள், நான். எனக்கு இறைச்சி ஆகாது என்று பரிமாறுகிறவரிடம் சொல்லியிருந்தார்கள். உருளைக்கிழங்கு க்ராத்தன் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பரிமாறுகிறவர் இல்லை. ஈரமான நீல ஏப்ரன் கட்டிய, ஐம்பது வயசு மதிக்கத்தக்க மனிதர். தட்டை வைத்துவிட்டுக் குனிந்து சொன்னார்:

"தம்பி, இந்தியாவோ? உங்களுக்கு இறைச்சி ஆகாதெண்டு சொன்னவை. உதிலை ஒண்டும் போடேல்லை. பயப்பிடாமச் சாப்பிடுங்கோ."

தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் மிளகாய்த்தூள். அந்தக் கடையின் மெனுவில் அப்படி ஒரு பொருள் இருக்கவே வாய்ப்பில்லை. தங்கள் சாப்பாட்டுக்கென்று உள்ளே வைத்திருந்ததை எடுத்து வந்திருக்கிறார்.

மேஜையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து அவரைச் சரியாகப் பார்க்காமல், ஆங்கிலத்தில் "தேங்க்யூ" என்றேன்.

அவர் ஒரு நொடி நின்றார். "ஓம், சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மேலாளர் "உனக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டார். "இல்லை, அவர் ஸ்ரீலங்கா" என்றேன். அது கேள்விக்கான பதிலே இல்லை என்று இப்போது தெரிகிறது. கோப்பை கழுவுகிற ஆள் என்னைத் தன் ஆளாகக் கூப்பிட்டது, என் மேலாளர் முன்னால், எனக்குக் கூச்சமாக இருந்தது. மறந்துபோய் அதை எழுதாமல் விடவில்லை. கூசியதால் விட்டேன். 'அதிர்ஷ்டம்' என்ற வார்த்தை அந்தக் கூச்சத்தை மூடப் போட்ட துணி.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அவர் எப்படி அங்கே வந்தார்

ஊருக்கு வந்த பிறகுதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். பாரிஸில் தமிழர் இரண்டு வழியாக வந்திருக்கிறார்கள். ஒன்று புதுச்சேரி வழி. 1954இல் நிர்வாகம் கைமாறி, 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள், அவர்கள் வாரிசுகள். இரண்டாவது யாழ்ப்பாண வழி. 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள்.

கார் து நோர் நிலையத்துக்குப் பின்பக்கம் லா ஷப்பல் பகுதி. ஈழத்தமிழர் வாயில் அது 'லாச்சப்பல்'. மளிகைக்கடை, நகைக்கடை, பத்திரிகை, வீடியோக்கடை எல்லாம் அங்கே. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் பக்கத்திலேயே. ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர் ஓடும், பாரிஸ் தெருவில் தேங்காய் சிதறும். நம் யூடியூபர்கள் தோசை சாப்பிடப் போவது இந்தப் பகுதிக்குத்தான். ஆனால் இந்தத் தெருவில் காசு செலவழிக்கிறவர்கள் எங்கே சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பங்கு நகரத்தின் மற்ற இடங்களில், பிரெஞ்சு உணவகங்களின் சமையலறைகளில். மொழி தெரியாதவன் முதல் நாளே சேரக்கூடிய வேலை கோப்பை கழுவுவது. அங்கிருந்து காய் நறுக்க, அங்கிருந்து அடுப்புக்கு. எழுத்தாளர் ஷோபாசக்தியும் இந்த உணவக வேலைகளைச் செய்தவர்தான். அவர் அந்தோனிதாசன் என்ற தன் இயற்பெயரில் நடித்த 'தீபன்' 2015இல் கான் திரைவிழாவின் உயர்ந்த பரிசை வாங்கியது.

பாரிஸைச் சமையலறைப் பக்கத்திலிருந்து பார்ப்பது புதுசுமில்லை. பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1933இல் வந்த தன் முதல் புத்தகத்தில் பாரிஸ் ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் பாத்திரம் கழுவிய நாட்களைத்தான் எழுதினார். சாப்பாட்டு மண்டபத்தின் சரவிளக்குக்கும் கழுவுகிற இடத்தின் அழுக்குக்கும் நடுவில் இருப்பது ஒரு கதவுதான் என்று காட்டினார். தொண்ணூறு வருஷமாகிறது. அதே கதவுதான், உள்ளே நிற்கிறவர்களின் ஊர் மாறியிருக்கிறது.

2023இல் சிறந்த பாகெட் போட்டியில் ஜெயித்தவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து போய், இருபதாவது வட்டாரத்தில் பேக்கரி நடத்துகிறவர். ஒரு வருஷம் பிரெஞ்சு அதிபர் சாப்பிட்ட ரொட்டி அவர் கைவேலை. செய்தி வந்த அன்று என் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் "தமிழன்டா!" பறந்தது. நானும் அனுப்பினேன். அனுப்பிவிட்டு அந்த நீல ஏப்ரனை நினைத்துக்கொண்டேன். ஜெயித்தவரை நம்மாள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கோப்பை கழுவியவரைச் சொல்ல ஏழு வருஷமாகியும் வாய் வரவில்லை.

ஒரகடத்துக்கு ஒரு விருந்தாளி

இதைப் பாரிஸோடு விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் அந்த டின்னர் மேஜையில் இருந்த பிரெஞ்சு சகா ஒருவர் ஒரகடத்தில் எங்கள் ஆலைக்கு வந்தார். ஊர் சுற்றிக்காட்டும் பொறுப்பு என்னுடையது. ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில், 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் என்று கதை. ராஜீவ் காந்தி நினைவிடம். ஒரகடம் பக்கத்தில் வல்லக்கோட்டை முருகன். வழியில் கொரிய எழுத்துப் பலகைகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின் வந்த கொரிய உணவகங்கள், விருந்தினர் விடுதிகள். "கொரியாக்காரங்க பாவம், நம்ம சாப்பாடு ஒத்துக்காது, அவங்க சாப்பாட்டையே தேடிப் போவாங்க" என்று விளக்கம் வேறு கொடுத்தேன், பாரிஸில் தோசை தேடியவன்.

மதியம் கேன்டீனில் சாப்பாடு. சாம்பார் பிடித்துப்போய் "இதை யார் செய்கிறார்கள்?" என்றார். கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னேன். "கம்பெனியைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கிறேன்" என்றார். ஆறு வருஷம் அங்கே சாப்பிட்ட நான் அன்றுதான் பின்கட்டுக்குள் போனேன். நீராவியில் வேகும் ஆளுயர அண்டாக்கள். மாஸ்டர் மதுரைப் பக்கம். காய் நறுக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் ஒடிசா, ஜார்கண்ட் பையன்கள். முதல் ஷிப்டுக்கு விடிகாலை மூன்று மணிக்கு அரிசி களையத் தொடங்குகிறார்கள். தேய்த்துக்கொண்டிருந்த பையன் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். எனக்குப் புரியவில்லை. என் ஊரில், என் கேன்டீனில், நான்தான் மொழி தெரியாதவன்.

திரும்பி வரும்போது அவரிடம் கேட்டேன்: "அன்னிக்கு பாரிஸ்ல சாப்பிட்டோமே, அந்த பிஸ்ட்ரோல யார் பாத்திரம் கழுவறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" யோசித்தார். "தெரியாது. இருபது வருஷமா அங்க சாப்பிடறேன்" என்று சொல்லிச் சங்கடமாகச் சிரித்தார். அவருக்கு அந்த நீல ஏப்ரன் மனிதர் நினைவிலேயே இல்லை.

அவர் ஒன்றும் மகான் இல்லை, நான் பாவியும் இல்லை. சொந்த ஊரில் யாரும் பின்கட்டைப் பார்ப்பதில்லை, கண் பழகிவிடுகிறது. வெளியூர்க்காரனுக்கு மட்டும்தான் "இது யார் செய்தது?" என்று கூச்சமில்லாமல் கேட்கிற சலுகை இருக்கிறது. பயணத்தால் கிடைக்கிற பெரிய லாபமே அந்தச் சலுகைதான் என்று நினைக்கிறேன். அவர் ஒரகடத்தில் அதைச் செலவழித்தார். நான் பாரிஸில் அதை வைத்துக்கொண்டு, என்ன கிடைக்கவில்லை என்று 23 தடவை எண்ணிவிட்டு வந்தேன்.

நம் காரிடாரில் இந்தக் கேள்வி பொழுதுபோக்கு இல்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனதும், மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்ததும் நினைவிருக்கும். அன்று ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்ட நான், எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவேன் என்று மட்டும்தான் யோசித்தேன். அவர்களுக்கு யார், எங்கே, எப்படிச் சமைத்தார்கள் என்று அந்த நாளுக்கு முன் நம்மில் யாரும் கேட்டிருக்கவில்லை.

இரண்டு மறுப்புகள்

ஐந்து நாள் போகிறவன் ஆராய்ச்சியா செய்ய முடியும், நாலு படம் எடுத்து நல்லா சாப்பிட்டுவிட்டு வரட்டுமே என்று சிலர் கேட்பீர்கள். வரட்டும். நான் கேட்பது ஆராய்ச்சி இல்லை. "எவ்வளவு?", "சைவமா?" என்று கேட்கிற வாயால் இன்னொரு கேள்வி. அதற்கு அரை நிமிஷம் போதும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. வெளிநாட்டில் போய்த் தமிழனைத் தேடுவதும் தோசையைத் தேடுவதும் ஒன்றுதானே? அதுவும் நம்ம ஊரைத் தேடுவதுதானே? உண்மைதான். அன்று கதவு திறந்தபோது உள்ளே இன்னும் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் ஆப்பிரிக்கர், ஒருவர் வங்காளிபோல இருந்தார். இந்தக் கட்டுரையிலும் அவர்களுக்கு இந்த ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. மொழி தெரிந்த இடத்தில் தொடங்குவது சுலபம் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சுலபமான இடத்திலேயே நான் தோற்றேன் என்பதுதான் விஷயம்.

பழைய கட்டுரைகளை நீக்கவில்லை. நீக்கினால் இதையும் மறைத்ததாகிவிடும். மூன்றாவது பாகத்தில் 'அதிர்ஷ்டம்' என்ற வரிக்குக் கீழே, அன்று நடந்ததைத் தேதி போட்டுச் சேர்த்திருக்கிறேன்.

தம்பிக்கு லிங்க் அனுப்பவில்லை. டீக்கடையில் நின்று வாயாலேயே சொன்னேன். தண்ணீரைக் குடுவையில் கேள். இரண்டு மணிக்குள் சாப்பிடப் போ. கோபுரத்துக்குக் கீழே நின்று லாப்லாஸ் பெயரைத் தேடு. லூவ்ர் போனால் கண்ணாடியைப் பார். ரொட்டியை ஒதுக்காதே. கடைசியாக, சமையலறைப் பக்கமிருந்து யாராவது தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல், பெயரைக் கேள் என்றேன்.

அவன் டீ டம்ளரை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"தமிழ்ல பேசினா தமிழ்லதானேண்ணா பதில் சொல்லுவேன்? இதை எதுக்கு சொல்லிக் கொடுக்கறீங்க?"